மஸ்கெலியா பஸ்ஸும் மூன்று மணி ரிப்போர்ட்டும்

போன வாரம் கொழும்பிலிருந்து சுதாகர் போனில் கோல் எடுத்தார். ஹட்டனில் நான் தனியாளாகப் பார்த்த வேலையை இப்போது கொழும்பில் உட்கார்ந்து பார்ப்பவர். அவருக்குக் கீழே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். அத்தனை பேர் பார்க்கும் வேலையை ஒருவனாகப் பார்த்தேன் என்று நான் பெருமை பேசுவதுண்டு. நான் பார்த்த லட்சணத்தால்தான் இப்போது ஐந்தாறு பேர் தேவைப்படுகிறார்கள் என்பது அவருடைய கட்சி.

"அண்ணே, பழைய ப்ரோகிராமையெல்லாம் புதுசுக்கு மாத்திக்கிட்டு இருக்கோம். ஹட்டன் பிராஞ்ச்ல மட்டும் ஒரு குட்டி வின்டோ வருது. மேல 'பயணம்'னு போட்டிருக்கு. அது எதையும் சேவ் பண்ணல, எதையும் படிக்கல, எந்த ரிப்போர்ட்லயும் வரல. சும்மா நிக்குது. வேற எந்த பிராஞ்சிலயும் இல்ல. கழட்டிப் போட்டுடலாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். ஓய்வுபெற்றவன் கேட்ட உடனே பதில் சொல்லிவிட்டால் மரியாதை போய்விடும். யோசித்தேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகள் ஒன்றில் பிறந்து, பரீட்சைகளை அவை என்னைக் கடந்தனவா நான் அவற்றைக் கடந்தேனா என்று தெரியாத விதத்தில் முடித்துக்கொண்டு, கண்டியில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கம்பியூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே குளிர், திரைச்சீலை, மெல்லிய பேச்சு. கற்பூரத்தட்டு ஒன்றுதான் குறை. அங்கே கற்ற பக்தி என்னைவிட்டுப் போகவேயில்லை. அறிவுதான் மெதுவாக வந்தது.

வேலை கிடைத்தது ஒரு கண்ணாடிக் கம்பெனியில். மூக்குக்கண்ணாடி. கொழும்பில் லென்ஸ் தேய்க்கும் பட்டறை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் கிளைகள். ஹட்டன் கிளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் கண்டியிலிருந்து கண் டொக்டர் வருவார். மற்ற நாட்களில் மழை வரும்.

மலைநாட்டில் கம்பியூட்டருக்கு முதல் எதிரி ஈரம். மழைக்காலத்தில் பிளொப்பி டிஸ்க்குகளில் பூஞ்சணம் பிடிக்கும். நான் அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் பச்சரிசி போட்டுப் புதைத்து வைத்தேன். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் கண் விவரம் சில காலம் அரிசிக்குள் இருந்தது. அந்த அரிசியைப் பிறகு என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள். ஆபீஸில் பொங்கல் நன்றாகவே நடந்தது.

அந்த வேலையில் நான் வாயைப் பிளந்தது கம்பியூட்டரைப் பார்த்தல்ல. பழக்கப்பட்ட பிறகு அது ஒரு மந்தமான குமாஸ்தா என்பது தெரிந்துவிடும். வாயைப் பிளந்தது கவுண்டரில். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த ஓர் அம்மா முதல்முதலாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புவார். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் தேயிலை மலை இருக்கிறதே, அதை அவர் அதுவரை பச்சைக் கம்பளியாகத்தான் பார்த்திருப்பார். "ஆத்தே, ஒண்ணொண்ணா நிக்குதே" என்பார் ஒருவர். இன்னொருவர் தன் கையைத் தூக்கி அதன் இரண்டு பக்கத்தையும் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் நான் உடனே போய் ஒரு கேபிளைக் கழற்றி மாட்டுவேன். தொழில்நுட்பத்தில் இருப்பவர்களுக்கு இந்த வசதி உண்டு. அழுகை வந்தால் எதையாவது கழற்றி மாட்டலாம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கொழும்பில் ஒரு புது ரிப்போர்ட் மென்பொருள் வாங்கினார்கள். அதுவரை லென்ஸ் ஓடர்களை ஒரு பெரிய கவரில் போட்டு ரயிலில் அனுப்பிக்கொண்டிருந்தோம். இனி கவர் வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்குக் கொழும்பு மென்பொருள் டெலிபோன் லைன் வழியாக மலையேறி வந்து, எங்கள் சேர்வரில் உள்ள வாடிக்கையாளர் டேட்டாபேஸைத் திறந்து, அன்றைய ஓடர்களை எடுத்துப் பட்டறைக்குக் கொடுத்துவிடும். மறுநாளே லென்ஸ் தயார்.

மற்ற நாட்களில் அப்படியே நடந்தது. டொக்டர் வரும் நாட்களில் மட்டும் கொழும்பின் திரையில் 'டைம்அவுட்' என்று வந்தது. மறுபடி முயன்றால் மறுபடி டைம்அவுட். ஐந்து மணி வாக்கில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் அதற்குள் பட்டறைக்காரர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கிளையில் அதிகம் ஓடர் விழுவதே டொக்டர் நாளில்தான் என்பதால், மற்றக் கிளைகளின் வரிசைக்குப் பின்னால் போய் எங்கள் லென்ஸ்கள் மட்டும் வாரக்கணக்கில் பின்தங்கின.

கொழும்பு முதலில் கோபப்பட்டது. பிறகு மரியாதையாகப் பேசத் தொடங்கியது, அதுதான் பயம். மாதக் கடைசிக்குள் இது தீராவிட்டால் ஹட்டனில் கண் பரிசோதனையை நிறுத்திவிட்டு எல்லாரையும் கண்டிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். வரைபடத்தில் ஹட்டனும் கண்டியும் பக்கம்தான். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து, பார்வை மங்கிய ஒருவர், தெரியாத ஊருக்கு மூன்று பஸ் மாறிப் போய் வர வேண்டும். போக மாட்டார்கள். மலை கம்பளியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அது தெரியும். கொழும்புக்கு அதை விளக்க ஒரு வரைபடமும் உதவவில்லை.

ஆகவே நான் வேலையில் இறங்கினேன். ரிப்போர்ட் அரை நிமிஷம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கைவிடுகிறது. அந்த அரை நிமிஷத்தை ஒரு நிமிஷமாக்கச் சொன்னேன். பிறகு ஐந்து நிமிஷம். வராத பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் நிற்கச் சொன்னதுபோல் ஆயிற்று; ரிப்போர்ட் நின்றது, கால் வலித்தது, போய்விட்டது. சேர்வரின் நினைவகத்தைக் கூட்டினேன். நெட்வேர்க் கார்டை மாற்றினேன். பனிமூட்டத்தைக் குறை சொன்னேன். வெயில் நாளிலும் டைம்அவுட் வந்ததால் பனிமூட்டத்திடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம்தான் என் வாழ்க்கையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தேன். ஜன்னலோரம் நின்று கவனித்ததில், மஸ்கெலியா பஸ் நிலையத்துக்குத் திரும்பி வந்த கையோடு ரிப்போர்ட் ஓடுவது தெரிந்தது. ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு டொக்டர் நாளும். பஸ் சுணங்கினால் ரிப்போர்ட்டும் சுணங்கும். பஸ் வந்து நின்று, கண்டக்டர் சுனில் மாடியைப் பார்த்து ஏதோ கத்துவார், சற்று நேரத்தில் கொழும்பிலிருந்து "வந்துட்டு" என்று போன் வரும்.

இதற்கு நான் கண்ட விளக்கத்தை இப்போது எழுதவே கை கூசுகிறது. அந்தப் பஸ் எங்கள் கட்டடத்துக்குக் கீழே காலியாக நிற்கும் இடத்தில்தான் எங்கள் கேபிள் இறங்குகிறது. ஆக, பஸ்ஸின் இரும்புடல் அங்கே இருந்தால் ஏதோ ஓர் அலை தடுக்கப்படுகிறது; பஸ் போனால் அலை புகுந்துவிடுகிறது. பௌதிகத்தில் இதற்கு ஒரு பெயர் இருந்தே தீர வேண்டும் என்று நம்பினேன். ஒரு ஞாயிறு முழுவதும் ஏணி வைத்து ஏறி, கேபிளைக் கட்டடத்தின் மறுபக்கத்துக்கு மாற்றினேன். பஸ் டிரைவர்கள் கீழே நின்று யோசனை சொன்னார்கள். அடுத்த டொக்டர் நாளிலும் டைம்அவுட்.

அந்த நேரத்தில்தான் வதனி மிஸ் வந்தார். மலைநாட்டுக் கிளைகள் மூன்றுக்கும் சிஸ்டம்ஸ் மனேஜர். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். மேலதிகாரி இளையவராக இருப்பதில் ஒரு நன்மை. உங்களுக்குத் தெரியாததை அவர் வயதின் மீது போடலாம். எனக்கு அந்த நன்மை வாய்க்கவில்லை.

அவர் கீபோர்டைத் தொடவே மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நாம் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்வார், அலங்காரங்களை மட்டும் உதிர்த்துவிட்டு. "டொக்டர் வர்ற நாள்ல பயங்கர லோடு மிஸ், சேர்வர் திணறிப் போகுது" என்றேன்.

"டொக்டர் வாற நாளிலை லோட்" என்றார். 'பயங்கரம்' என்னிடமே திரும்பி வந்துவிட்டது. "எத்தினை பேர் வருவினம், அண்ணை?"

"கவுண்டர் நெறைஞ்சிரும் மிஸ்."

"கவுண்டர் நிறைஞ்சால் சேர்வர் ஏன் திணற வேணும்? திணறுறதைப் பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. பார்த்தோம். மூன்று மணிக்குக் கொழும்பு ரிப்போர்ட் நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில் சேர்வரைத் திறந்து பார்த்தால், அது மதியச் சாப்பாட்டுக்குப் பின் கோயில் மண்டபத்தில் படுத்தவர் மாதிரி நிம்மதியாக இருந்தது. ஒரு வேலையுமில்லை. லைனைச் சோதித்தோம், கொழும்பு கூப்பிட்டால் ஹட்டன் உடனே பதில் சொன்னது. டேட்டாபேஸில் மற்ற எதைக் கேட்டாலும் கொடுத்தது. வாடிக்கையாளர் பட்டியலைக் கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொண்டது.

அப்போது மிஸ் சொன்னதை நான் பிற்பாடு பல இடங்களில் என் சொந்தச் சரக்குப்போல் சொல்லியிருக்கிறேன். "டைம்அவுட் எண்டுறது வருத்தத்தின்ரை, நோயின்ரை பேர் இல்லை, அண்ணை. காத்துக்கொண்டு நிண்ட ஆள் அலுத்துப்போய்ப் போயிட்டார் எண்டுதான் அர்த்தம். ஏன் போனவர் எண்டு கேக்காதேங்கோ. ஆருக்காக நிண்டவர் எண்டு கேளுங்கோ."

கேட்டோம். டேட்டாபேஸிடம் அப்படிக் கேட்க ஒரு வழி இருக்கிறது; யார் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அது சொல்லும். கையேட்டில் அது எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். கையேடுகளை நான் கதைப் புத்தகம் மாதிரி வாசித்தவன். சிக்கல் என்னவென்றால் கதைப் புத்தகம் மாதிரியே மறந்தும் போவேன். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. முதலாம் கவுண்டர். மதியத்துக்குச் சற்றுப் பின்னாலிருந்து ஒரு வாடிக்கையாளரின் பக்கம் திருத்துவதற்காகத் திறந்திருக்கிறது. திறந்தவர் அதன் பிறகு ஓர் எழுத்துக்கூட அடிக்கவில்லை.

எங்கள் ப்ரோகிராமில் ஒரு பக்கத்தைத் திருத்தத் திறந்தால் அதற்குப் பூட்டு விழும். சேவ் செய்து மூடும்வரை மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். ரிப்போர்ட்டோ முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்துக்கொண்டு போகும் பிராணி. நடுவில் ஒரு பக்கம் பூட்டியிருந்தால் தாண்டிப் போகத் தெரியாது. பூட்டின் முன்னால் நின்றுவிடும். கொழும்பின் பெரிய சேர்வரும் விலை உயர்ந்த மென்பொருளும் ஒரு முழுப் பட்டறையும் மஸ்கெலியாப் பக்கத்துப் பெயர் ஒன்றின் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தன. அதை முதல்முதலாகக் கண்ணால் கண்டபோது எனக்கு உண்மையில் மெய்சிலிர்த்தது. கம்பியூட்டரை மந்தமான குமாஸ்தா என்றேனே, அந்தக் குமாஸ்தாவுக்கு இப்படி ஒரு நெஞ்சுரம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

முதலாம் கவுண்டர் பத்மாக்கா. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர். மஸ்கெலியாவில் பிறந்தவர். நாங்கள் இருவரும் போனபோது வேறொரு வாடிக்கையாளருக்கு ஃபிரேம் காட்டிக்கொண்டிருந்தார். திரையின் மூலையில், மற்ற வேலைக்குப் பின்னால், அந்தப் பக்கம் திறந்திருந்தது.

"அக்கா, இது யாரு?"

"அதுவா? வீரம்மா. ஒரு மணிக்கே போயிட்டாங்களே."

"போனவங்க பக்கம் ஏன் தொறந்திருக்கு?"

"இன்னும் வீடு போய்ச் சேரலயே, தம்பி" என்றார், நான் ஏதோ மாடியிலிருந்து விழுந்துவிட்டவன்போல் பார்த்து.

எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் இதில் வெட்கம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒருவர் பயணம் புறப்பட்டுப் போனால் உடனே வாசல் கூட்ட மாட்டார்கள். அவர் இருந்த பாயைச் சுருட்ட மாட்டார்கள். போய்ச் சேர்ந்திருப்பார் என்று மனசுக்குப் பட்ட பிறகுதான் விளக்குமாறு எழும். வாடிக்கையாளர் விவரம் அட்டைகளில் இருந்த காலத்தில் பத்மாக்கா அப்படிப் போனவர்களின் அட்டையை இழுப்பறைக்குள் போடாமல் மேசையிலேயே வைத்திருப்பார். கம்பியூட்டர் வந்தபோது நான்தான் பயிற்சி கொடுத்தேன். அட்டைக்குப் பதில் இது என்றேன். அவர் அதை நான் நினைத்ததைவிட நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்.

"எல்லாருக்குமா இப்பிடி?" என்றேன்.

"எல்லாருக்கும் எதுக்கு? கண்ணுல மருந்து விட்டவங்களுக்கு. அதுலயும் ஒத்தையில வந்தவங்களுக்கு. டொக்டர் மருந்து விட்டா பொழுது சாயுற வரைக்கும் எல்லாமே பொகையாத்தான் தெரியும். கூட ஆளில்லாம வந்தவங்கள நான்தான் கையப் புடிச்சு பஸ்ல ஏத்தி விடுறேன். சுனில் எறக்கி விடுவான். வந்து சொல்லுவான். அப்பதான் மூடுவேன்."

அதற்குள் ஐந்து மணியாகிவிட்டிருந்தது; மஸ்கெலியா பஸ் வந்து நின்றது. சுனில் கீழேயிருந்து வழக்கம்போல் மாடியைப் பார்த்துக் கத்தினார்: "அக்கே, பெஸ்ஸுவா!"

இறக்கிவிட்டேன் என்று அர்த்தம். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அந்தச் சொல்லை ஒவ்வொரு டொக்டர் நாளும் ஜன்னலோரம் நின்று காதாரக் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு ஏணி எடுக்கப் போயிருக்கிறேன்.

பத்மாக்கா சேவ் பட்டனை அழுத்தினார். மறு நிமிஷம் கொழும்பிலிருந்து போன் வந்தது.

கொழும்புக்கு விஷயத்தைச் சொன்னோம். எங்களுக்குப் பட்டது அவர்களுக்குப் படவில்லை. அவர்கள் பார்த்தது ஒரு பூட்டைத்தான், பூட்டுக்கு மருந்து இருக்கிறது. சும்மா திறந்து கிடக்கும் எதையும் பத்து நிமிஷத்தில் சேர்வரே வெட்டிவிடும்படி செய்யச் சொன்னார்கள். நான் செய்து முடிக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. "செய்யுங்கோ, பாப்பம்" என்று மட்டும் சொன்னார் வதனி மிஸ்.

அடுத்த டொக்டர் நாள். ஒரு வயதான மனிதரை ஏற்றிவிட்டுப் பத்மாக்கா மேலே வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் திரையிலிருந்து அந்தப் பெயர் மறைந்தது. மறுபடி திறந்தார். மறுபடி மறைந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு கேபிளைப் பார்த்தேன்.

சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க அக்கா?"

"ஸ்டாண்டுக்கு. பஸ் வந்ததும் வாறேன்."

"இங்க ஆளு நிக்குதே?"

"நிக்கட்டும். அவங்களுக்கு இங்க நாற்காலி இருக்கு."

மூன்று மணிக்கு ரிப்போர்ட் பறந்து போனது. கொழும்பு என்னைப் பாராட்டியது. கவுண்டருக்கு முன்னால் பெஞ்ச் நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, துணிக்கடை முதலாளி யார் செத்தது என்று கேட்க மேலே வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் என்னைக் கண்ணாடி காட்டச் சொன்னார்கள். நான் ஒருவருக்கு மாட்டிய ஃபிரேமைப் பார்த்து அவருடைய மனைவி, "இவருக்குக் கண்ணு தெரியலைன்னாலும் பரவாயில்ல, இதக் கழட்டுங்க" என்றார்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மழையில், பஸ் நிலையத்தின் தகரக் கூரைக்கு வெளியே, பத்மாக்காவின் குடைக்குள் வதனி மிஸ் நின்றுகொண்டிருந்தார். எப்போது இறங்கிப் போனார் என்று தெரியாது. இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி வந்து நனைந்த காலோடு என் மேசைக்கு முன்னால் நின்றார். அந்த ஒரு தடவைதான் அவர் கைகள் பின்னால் கட்டப்படாமல் இருந்ததைப் பார்த்தேன்.

"பத்மாக்காவிலை பிழை இல்லை, அண்ணை. அவவுக்கு ஒரு ஆளைக் கண்ணுக்கு முன்னாலை வச்சிருக்க வேணும். எங்கடை ப்ரோகிராமிலை அதுக்கு இருக்கிற ஒரே வழி திருத்தத் திறக்கிறதுதான். பாக்கத்தான் கேட்டவ. நாங்கள் பேனாவைக் குடுத்துப்போட்டு, ஏன் பேனாவை வச்சிருக்கிறாய் எண்டு கேக்கிறம்."

"இப்ப என்ன செய்றது மிஸ்?"

"பாக்கிறதுக்கு ஒண்டு செய்யுங்கோ."

மாதக் கடைசிக்கு முன் மிச்சமிருந்தது ஒரே ஒரு டொக்டர் நாள். அதற்குள் செய்தேன்; பத்து நிமிஷத்தில் வெட்டும் ஏற்பாட்டையும் எடுத்துவிட்டேன். வாடிக்கையாளரின் பக்கத்தை மூடும்போது பத்மாக்கா ஒரு பட்டனை அழுத்துவார். பக்கம் சேவ் ஆகி, பூட்டு கழன்றுவிடும். ஆனால் திரையின் ஓரத்தில் ஒரு சின்னச் சட்டம் எழும். அதில் போனவரின் பெயர், எங்கே இறங்க வேண்டும் என்ற விவரம், கீழே 'சேர்ந்தாச்சு' என்று ஒரு பட்டன். அவ்வளவுதான். அது டேட்டாபேஸைத் தொடாது, எதையும் பதியாது, எதையும் தடுக்காது. தலைப்பில் என்ன போடுவது என்று பத்மாக்காவிடம் கேட்டேன். "பயணம்னு போடுங்க" என்றார். என் தொழில் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் பிழையே வராத ஒரே ப்ரோகிராம் அதுதான். எதுவுமே செய்யாததில் பிழை வருவது கடினம்.

அந்தக் கடைசி நாளில் பத்மாக்கா ஏற்றிவிட்டது காளியம்மா என்ற பெண்ணை. மஸ்கெலியாவுக்கு அந்தப் பக்கம், அணைக்கட்டுத் தண்ணீரோரமாகப் போகும் ரோட்டில் ஒரு வளைவில் இறங்க வேண்டியவர். இரண்டு கண்ணிலும் மருந்து. நல்ல வாய். "கண்ணாடி வாங்க வந்தவள குருடாக்கி அனுப்புறீங்களே, இது என்ன கடையோ" என்று படிக்கட்டு முழுக்கச் சிரித்துக்கொண்டே போனார். அவருடைய லென்ஸ் ஓடரும் அன்றைய ரிப்போர்ட்டில்தான் போக வேண்டும். போகாவிட்டால் அவருக்கு இங்கே லென்ஸும் இல்லை, இனி வருபவர்களுக்கு டொக்டரும் இல்லை.

மூன்று மணி. பத்மாக்காவின் திரையோரத்தில் 'காளியம்மா' என்று நின்றது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சை விடாமல் நின்றேன்.

"வந்துட்டு" என்றது கொழும்பு. "முழுசா வந்துட்டு. காளியம்மா வரைக்கும் இருக்கு. சரி, ஹட்டன் இருக்கட்டும்னு மேல சொல்லிடுறேன்."

போனை வைத்தேன். கைதட்டியிருக்க வேண்டும். ஒருவரும் தட்டவில்லை. எல்லாரும் அந்தச் சின்னச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. பஸ் வழக்கமாக வரும் நேரம் வந்து, போனது. டொக்டர் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர், திரையைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தார். மஸ்கெலியா ரோட்டில் ஏதோ தடங்கல் என்று கீழே யாரோ சொன்னார்கள். தோட்டத்து லயங்களில் அப்போது போன் கிடையாது, கேட்க யாருமில்லை. ஆபீஸ் மூடும் நேரம் தாண்டியது. வதனி மிஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பத்மாக்காவின் நாற்காலிக்குப் பின்னால், கொழும்பின் ரிப்போர்ட்டைப் போலவே, அந்தப் பெயரின் வாசலில் நின்றார். அவருக்கு மட்டும் டைம்அவுட் இல்லை.

மங்கல் வெளிச்சத்தில் பஸ் வந்தது. சுனில் கீழேயிருந்து கத்தவில்லை. படியேறி வந்தார். முழங்கால்வரை சேறு.

"மரம் விழுந்தது அக்கே. வளைவுக்கு இந்தப் பக்கமே ரோட் குளோஸ். நடந்து போய் லயத்திலயே விட்டது. நான் ஒரு கை, டிரைவர் ஒரு கை." பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, இத்தனை பேர் ஏன் நிற்கிறார்கள் என்று புரியாமல், சத்தத்தைக் குறைத்து வழக்கமான வார்த்தையையும் சொன்னார். "பெஸ்ஸுவா."

"பஸ்ஸுல இருந்தவங்க?" என்றேன்.

"இருந்தாங்க. எங்க போறது? டிரைவர் என்னோட தானே."

பத்மாக்கா 'சேர்ந்தாச்சு' பட்டனை அழுத்தினார். சட்டம் மறைந்தது. டொக்டர் பையை எடுத்துக்கொண்டார். நான் சேர்வர் அறைக்குப் போய், நன்றாக இருந்த ஒரு கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ டைம்அவுட்களைப் பார்த்துவிட்டேன். ரிப்போர்ட் மென்பொருளும் டேட்டாபேஸும் பலமுறை மாறின. வதனி மிஸ் இப்போது கனடாவில். பத்மாக்கா எனக்கு முன்பே ஓய்வுபெற்று மஸ்கெலியாவில் பேத்திகளை மிரட்டிக்கொண்டிருக்கிறார். மலையேறிப் போய் அங்கங்கே கண்ணாடி மாட்டிய முகங்களைப் பார்க்கும்போது, ஒரு முழு ஆபீஸும் ஒரு பஸ் நிறைய ஆட்களும் ஒருவர் வீடு போய்ச் சேரும்வரை நின்ற அந்தச் சாயங்காலத்தை நினைத்து இன்னும் நான் வாயைப் பிளக்கிறேன்.

இவ்வளவும் யோசித்து எழுதிய பிறகு, இன்று பிற்பகல் சுதாகருக்கு நானே கோல் எடுத்தேன். அந்தச் சட்டத்தை இனி யாரும் பயன்படுத்துவதில்லை என்றால் கழற்றிவிடலாம், எனக்கு வருத்தமில்லை என்று பெரிய மனதோடு சொல்லத் தயாராக இருந்தேன்.

"சுதாகர், அந்த வின்டோ இப்ப காலியாத்தானே இருக்கு?"

"இல்லண்ணே, அதான் குப்பைங்கிறேன். பழைய டேட்டா ஏதோ மாட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. ஏதோ ஒரு பேரு. ஞானசேகரம்னு. கீழ 'லிந்துலை, ஸ்கூல் வளைவு'ன்னு இருக்கு. அழிச்சிடவா?"

இன்று ஹட்டனில் டொக்டர் நாள். இங்கே லிந்துலையில் காலையிலிருந்து மழை. ஸ்கூல் வளைவு என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றேன். "குடையை எடுத்துக்கிட்டு ரோட்டு வரைக்கும் போயிட்டு வந்து சொல்றேன்."